புஷ்பமேரியின் கோடு

நடுமெட்டு
6-1-74, ஞாயிறு

அக்கா,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் விஷயம்.

போன மாதம் எஸ்டேட் ஃபேக்டரியில் மீட்டர் மாற்றப் போயிருந்தேன். தேயிலை காயவைக்கிற அடுப்பில் விறகு பிடிக்கவில்லை என்று அடுப்புக்காரன் கபிரியேல், பேர் கூப்பிட்டு ஆஜர் போட்ட பழைய மஸ்டர் புத்தகங்களைக் கிழித்துத் திணித்துக்கொண்டிருந்தான். நான் போய்ச் சேர்வதற்குள் முப்பத்தாறும் முப்பத்தேழும் சாம்பல். மிச்சம் இருபத்துநாலு புத்தகம், 1938 முதல் 61 வரை. "குப்பைதானடே, தொரை எரிக்கச் சொல்லிட்டாரு" என்றான். குப்பை என்றால் எனக்கு வேண்டும் என்று எங்கள் கரண்ட் ஆபீஸ் ஜீப்பில் ஏற்றிவிட்டேன். பதிலுக்கு இரண்டு டார்ச் பேட்டரி கேட்டான். கொடுத்தேன்.

புத்தகங்கள் இப்போது வின்ச் கொட்டகையில் இருக்கின்றன. ரோடு வருவதற்கு முன்னால் போடியிலிருந்து அரிசி மூட்டையைக் கம்பியில் இழுத்த அதே கொட்டகைதான். பஞ்சாயத்து அதை வாசகசாலைக்குக் கொடுத்துவிட்டது. வாசகசாலைச் செயலாளர் மளிகைக்கடை ஆறுச்சாமி அண்ணன், ஊருக்கு ஒரு மியூசியம் வைக்க வேண்டும் என்று ஒரு வருடமாகப் பேசிக்கொண்டே இருந்தார். பேச்சு நிற்கிற மாதிரி தெரியவில்லை. நானே போய் வயரிங் இழுத்துவிட்டேன். இந்த ஊருக்கு எண்பது வயது. துரைமார் சுட்ட புலிகளுக்குப் போட்டோ இருக்கிறது. காட்டை வெட்டினவர்களுக்கு ஒரு வரி கிடையாது.

கிழக்குச் சுவரில் ஒரு கிராஃப் போட்டிருக்கிறேன். வருடத்துக்கு நாலு அங்குலம், மொத்தம் பன்னிரண்டு அடி. ஆளுக்கு ஒரு கோடு. பேர் ஏறின வருடத்தில் தொடங்கும், செத்த வருடத்திலோ மலையிறங்கின வருடத்திலோ முடியும். அறுபத்தொன்றுக்குப் பிறகு உள்ளதைத் தொழிலாளர் குடியிருப்பில் லயம் லயமாகப் போய்க் கேட்டு நிரப்பினேன். நானூற்றுப் பன்னிரண்டு கோடுகள். புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கோடு என்று வைத்துக்கொண்டேன்.

அங்கேதான் சிக்கிக்கொண்டேன். நம் வீட்டுக் கதை உனக்குத் தெரியும். ஆனால் யாரும் அதை எழுதி வைத்ததில்லை, அதனால் எழுதுகிறேன். 1946-இல் புஷ்பமேரி என்கிற பெண் காய்ச்சலில் செத்துப்போனாள். ஆள் குறைந்தால் கங்காணிக்குத் தலைக்காசு குறையும். அந்த வருடம் புது ஆள் எடுக்க உத்தரவும் இல்லை. அவர் சாவைச் சொல்லவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய பதினாறு வயது அழகுத்தாயைக் கூப்பிட்டு, "நாளையிலேர்ந்து நீ புஷ்பமேரி, கூப்பிட்டா இருக்கேன்னு சொல்லு" என்றார். கம்பளி முக்காட்டுக்குள் யார் என்று எந்தக் கிளார்க் பார்த்தான். அம்மா இன்றைக்கும் மஸ்டரில் புஷ்பமேரி, லயத்தில் அழகுத்தாய். புஷ்பமேரி கிறிஸ்தவப் பேர் என்பதால் கிறிஸ்துமஸுக்கு எஸ்டேட் கொடுக்கிற கேக்கை வருடா வருடம் நாமும் தின்றிருக்கிறோம்.

போன வியாழன் லாரி டிரைவர் சூசையப்பன் கொட்டகைக்கு வந்தான். புஷ்பமேரியின் மகன். அவள் செத்தபோது அவனுக்கு ஐந்து வயது. சுவரில் விரலை வைத்துத் தேடினான்.

"எங்கம்மா கோட்டை ஏன்டே முடிக்கல?" என்றான்.

புத்தகத்தில் முடியவில்லை என்றேன்.

"பொதைச்ச எடத்துல சிலுவை நட விடல கங்காணி. சிலுவைன்னா பேரு எழுதணும், எழுதினா ஆபீஸுக்குத் தெரிஞ்சுபோகும்னான். உங்கம்மா மேல எனக்குக் கோவம் இல்லடே. ஆனா காலையில லாரிக்குத் தண்ணி ஊத்தையில தெனமும் எங்கம்மா பேரைக் கூப்பிடுதாவ. உங்கம்மா இருக்கேன்ங்காவ. இருபத்தெட்டு வருசமாக் கேக்கேன்."

கோட்டை நாற்பத்தாறில் நிறுத்தப்போகிறேன். அதே இடத்தில் அம்மா பேரில் ஒரு கோடு தொடங்கும். மார்ச் 31-ஆம் தேதி புஷ்பமேரிக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது, வேலையை விட்டு வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்று அம்மாவுக்குச் சீட்டு வந்திருக்கிறதே, அதற்கும் இதுதான் பதில். அம்மாவுக்கு நாற்பத்துநாலு வயது. செத்தவள் வயதுக்கு இவள் ஏன் ஓய்வுபெற வேண்டும்?

குழந்தை நலமா? அத்தானைக் கேட்டதாகச் சொல்.

பொன்ராஜ்

*

வடகரப்பதி
15-1-74

தம்பி பொன்ராஜுக்கு,

உன் கடிதம் பொங்கலன்று வந்தது. பால் பொங்கும்போது படித்தேன். பால் பொங்கியதைப் பார்க்கவில்லை.

உனக்கு மின்சாரம் தெரியும். மனிதர்களைப் பற்றி என்ன தெரியும்? அம்மா புஷ்பமேரி இல்லை என்று நீ சுவரில் எழுதின மறுநாள் ஆபீஸில் என்ன கேட்பார்கள் தெரியுமா? அப்படியானால் நீ யார் என்று கேட்பார்கள். இருபத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தது புஷ்பமேரி. அழகுத்தாய் ஒரு நாள்கூட அங்கே வேலை பார்க்கவில்லை. ஆள்மாறாட்டம் என்று போலீஸில் எழுதிக் கொடுத்தால், நீ உன் கிராஃப் பேப்பரை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவாயா?

சூசையப்பன் அண்ணன் சொன்னதைப் படித்தேன். சின்ன வயதில் அந்தக் கேக்கை அவர் முன்னால் வைத்துத் தின்றிருக்கிறோம் என்று இப்போதுதான் உறைக்கிறது. ஆனால் இருபத்தெட்டு வருடம் பொறுத்தவர் இன்னும் மூன்று மாதம் பொறுக்கக் கூடாதா? மார்ச் முடியட்டும். மரியாதையாக மாலை போட்டு அனுப்புவார்கள். அம்மா இங்கே வந்துவிடட்டும். பிறகு நீ எந்தக் கோட்டை எங்கே வேண்டுமானாலும் நிறுத்து.

என் மாமியாரிடம் அம்மா வருகிறாள் என்று சொல்லியாகிவிட்டது. "ஏனம்மிணி, உங்கொம்மா சித்திரை பொறந்ததும் வந்துருவாங்ளா? அந்த மேக்காலத் திண்ணையை ஒதுக்கி உடட்டுமா?" என்று தினமும் கேட்கிறார். கமலாத்தாள் அத்தை தானாக ஒரு இடம் ஒதுக்கித் தருகிறார் என்றால் அது லேசான காரியம் இல்லை. என் கல்யாணப் பேச்சு நடந்தபோது அவர் என்னவெல்லாம் சொன்னார் என்று உனக்கு நினைவிருக்கும்.

அந்தச் சுவரைத் தொடாதே. சொன்னால் கேள்.

சாந்தம்மாள்

*

நடுமெட்டு
24-1-74

அக்கா,

கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.

மூன்று மாதம் கழித்துப் போடலாம் என்கிறாய். மூன்று மாதம் கழித்து அம்மா புஷ்பமேரியாக ஓய்வுபெற்று மாலை போட்டுக்கொண்டு கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தபின், நான் சுவரில் எது போட்டாலும் அது வெறும் சித்திரம். ஃபியூஸ் போனபிறகு கம்பியைச் சரிபார்த்து என்ன பயன்?

இன்னொன்று. இது அம்மா ஒருத்தி கதை இல்லை. வயதைக் கூட்டிப் பார்த்தேன். நம் டிவிஷனில் மட்டும் இன்னும் ஒன்பது கோடுகள் இப்படி நம்பமுடியாத நீளத்துக்குப் போகின்றன. நம் அடுத்த வீட்டுப் பூவாத்தாளுக்குப் புத்தகப்படி எழுபத்திரண்டு வயது. அவளுக்குப் போன வருடம்தான் பெண் பிறந்தது. எழுபதைத் தாண்டியும் ஆபீஸ் கண்ணில் படாதது, அவள் பட்டியலில் கடைசிப் பேராக இருப்பதால்தான். இப்போது புதுக் கம்பெனி வரப்போகிறது என்று பட்டியலைத் துடைக்கிறார்கள். மேலிருந்து ஒவ்வொருவருக்கும் சீட்டு வரும்.

நேற்று எஸ்டேட் வெல்ஃபேர் ஆபீசர் கொட்டகைக்கு வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் படித்தார். "புஸ்தகம் கம்பெனி முதல், திரிச்சு தரணும்" என்று மலையாளம் கலந்து சொன்னார், கம்பெனிச் சொத்தைத் திருப்பிக் கொடு என்று. அடுப்பில் போடச் சொன்ன உத்தரவைக் கொண்டுவாருங்கள், சாம்பலோடு சேர்த்துத் தருகிறேன் என்றேன். அவர் போனபிறகு ஆறுச்சாமி அண்ணன் வியர்த்துப்போய் உட்கார்ந்துவிட்டார். "ஏம்ப்பா, திறப்பு விழாவுக்குத் தொரையைக் கூப்பிடலாம்னு இருந்தேன். இந்தச் சுவத்துக்கு மட்டும் ஒரு துணி போட்டுருவமா?" என்றார். துணி போட்டால் மெயின் ஸ்விட்சைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவேன் என்று சொன்னேன். துணி வரவில்லை.

நீ கோபித்தாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்காகப் பயப்படுகிறாய் என்று நீ எழுதியதில் பாதிதான் உண்மை. உனக்குப் பாடம் எடுக்கப் பள்ளிக்கூடம் போக வேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். நாற்பத்துநாலு வயதில் நல்ல திடத்தோடு இருக்கிற ஒருத்தியை ஐம்பத்தெட்டு என்று ஒப்புக்கொள்வது உனக்கு வசதி.

பொன்ராஜ்

*

வடகரப்பதி
2-2-74

பொன்ராஜ்,

ஆமாம். வசதிதான். பிள்ளைக்கு எட்டு மாதம். பால் கட்டிக்கொண்டு மூன்றாவது பீரியடில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தாய் வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைப்பது குற்றமென்றால் எழுதிக்கொள், அதையும் உன் சுவரில் ஒரு கோடாகப் போடு.

உன் இரண்டு கடிதத்தையும் திரும்பப் படித்தேன். சூசையப்பன் அண்ணன் பேசுகிறார், ஆபீசர் பேசுகிறார், ஆறுச்சாமி அண்ணன் பேசுகிறார், கபிரியேல்கூட பேசுகிறான். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நீ அவளிடம் கேட்டாயா?

நானும் கேட்கவில்லை. அதனால் இதற்குமேல் உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

சாந்தம்மாள்

*

நடுமெட்டு
19-2-74

அக்கா,

கேட்கவில்லைதான். உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் லயத்துக்குப் போனேன். அம்மா கூடையின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதங்களையும் வாசித்துக் காட்டினேன். ஊசியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"ரெண்டு பேரும் எனக்குக் கருமாதிக்கு நாள் குறிக்கீகளா?" என்றாள். "ஒருத்தி தொட்டில் ஆட்டக் கூப்பிடுதா. ஒருத்தன் சுவத்துல வரையுதான். எலே, பதினாறு வயசுல கங்காணி சொல்லித் தந்தான், இருக்கேன்னு சொல்லுன்னு. சொன்னேன். இனிமே எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்."

அப்புறம் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "சூசையப்பனை வரச்சொல்லு" என்றாள்.

அவனிடம் என்ன பேசினாள் என்று தெரியாது. என்னை வெளியே அனுப்பிவிட்டாள். திங்கள்கிழமை மஸ்டர் களத்தில் நான் வாயைத் திறக்கக் கூடாது என்று மட்டும் சத்தியம் வாங்கினாள்.

மஸ்டர் களத்து விளக்குக் கம்பத்தைப் பற்றிக் கம்ப்ளெய்ன்ட் எதுவும் இல்லை. நானே ஒன்று எழுதிக்கொண்டு, நேற்றுக் காலை ஆறரைக்குக் கம்பத்தின் மேல் இருந்தேன்.

கிளார்க் வரிசையாகக் கூப்பிட்டார். "புஷ்பமேரி." சத்தமில்லை. தலையைத் தூக்கிப் பார்த்து மறுபடி, "புஷ்பமேரி." லாரிப் பக்கத்திலிருந்து சூசையப்பன் வாளியைக் கீழே வைத்தான்.

"அவுக செத்து இருபத்தெட்டு வருசம் ஆச்சு ஐயா. நான் மகன் சொல்லுதேன்."

கிளார்க் அம்மாவைப் பார்த்தார். "அப்ப இது யாரு?"

"அழகுத்தாய். எழுதிக்கிடுங்க."

"அப்படி ஒரு பேரு புஸ்தகத்துல இல்ல."

"அதான் எழுதச் சொல்லுதேன்."

வீட்டுக்குப் போ என்றார். அம்மா வீட்டுக்குப் போகவில்லை. கூடையை மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் தேயிலைக் காட்டுக்குப் போனாள். அப்போது நான் கம்பத்தை விட்டு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன்.

மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு வந்தாள். மற்றதைப் பூவாத்தாள் சொல்லக் கேட்டேன். கிளார்க் அம்மாவின் கூடையைத் தராசில் வைக்க விடவில்லை. பேரில்லாத கொழுந்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்றார். அடுத்து நின்ற பூவாத்தாள் தன் கூடையைத் தரையில் இறக்கினாள்.

"எனக்கும் உங்க புத்தகத்துல எழுவத்திரண்டு வயசாம். கெழவியால கூடையைத் தூக்க முடியல. அழகுத்தாய் கூடையை நிறுத்துட்டு வந்து நீங்களே தூக்கிக்கிடுங்க."

அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு கூடையாக இறங்கியது. அந்த ஒன்பது பேர் மட்டும் இல்லை, முழு வரிசையும். யாரும் கத்தவில்லை. உட்கார்ந்து வெற்றிலை போட்டார்களாம்.

இதில் தொழில்நுட்பம் ஒன்று இருக்கிறது. பறித்த இலை சும்மா கிடக்காது. குவியலில் சூடு ஏறும். இரண்டு மணி நேரத்தில் நடுவில் கைவைக்க முடியாது. மூன்று மணி நேரத்தில் சிவக்கத் தொடங்கும். அப்புறம் அது குப்பை, தேயிலை ஆகாது. அன்றைக்கு அந்த டிவிஷன் கொழுந்து முழுவதும் தரையில் இருந்தது. கிளார்க் இரண்டு முறை கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தாராம். இரண்டரை மணிக்குத் துரையின் பங்களாவுக்கு ஆள் ஓடினான். திரும்பி வந்து, எழுதச் சொன்னார், பென்சிலில் எழுதச் சொன்னார் என்றான்.

அழகுத்தாய், பத்தொன்பது கிலோ. பென்சிலில்.

பொன்ராஜ்

*

வடகரப்பதி
27-2-74

தம்பி,

கம்பத்தின் மேலேயே நீ இருந்தது நல்லது. இறங்கியிருந்தால் நீ பேசியிருப்பாய். அம்மா பேசியிருக்க மாட்டாள்.

பென்சில் அழிந்துவிடும். அதனால் நான் மையில் எழுதியிருக்கிறேன். இத்துடன் லேபர் ஆபீசருக்கு ஒரு மனு. அம்மாவும் அந்த ஒன்பது பேரும் அவரவர் சொந்தப் பேருக்கு நேரே கைநாட்டு வைக்கட்டும். ஆள்மாறாட்டம் செய்தது கங்காணி, அதனால் லாபம் அடைந்தது எஸ்டேட், இருபத்தெட்டு வருடம் வேலை வாங்கியபோது ஆளைத்தான் வாங்கினார்கள், பேரை அல்ல என்று எழுதியிருக்கிறேன். என் பள்ளிச் சான்றிதழின் அத்தாட்சி நகலும் இருக்கிறது. 1948-இல் பிறந்தேன், தாயார் பேர் அழகுத்தாய். அப்பா என்னைச் சேர்த்தபோது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சரியாக எழுதி வைத்திருக்கிறார். நாற்பத்தாறில் செத்தவள் நாற்பத்தெட்டில் என்னைப் பெற்றிருக்க முடியாது. இதை அவர்கள் எப்படி மறுப்பார்கள் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. போலீஸ் வந்தால் முதலில் என்னிடம் வரட்டும். விலாசத்தை மனுவிலேயே கொடுத்திருக்கிறேன்.

அம்மா வரவில்லை என்று அத்தையிடம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். ராட்டையை நிறுத்தினார். "ஏனம்மிணி, அத்தனை பொம்பளைங்களும் கூடையை எறக்கிட்டாங்ளா?" என்றார். ஆமாம் என்றேன். "செரி, கொளந்தைய இங்க கொண்டா. பத்து மணிக்கு ஒருக்கா பள்ளிக்கூடத்துக்கே தூக்கிட்டு வந்து காட்டறேன்" என்றார். என்னாலேயே நம்ப முடியவில்லை.

புஷ்பமேரியின் கோட்டை நீ முடிக்காதே. சூசையப்பன் அண்ணன் கையில் பெயிண்டைக் கொடு.

சாந்தம்மாள்

*

நடுமெட்டு
9-4-74

அக்கா,

உன் மனு போய்ச் சேர்ந்தது. விசாரணைக்கு மே மாதம் தேதி போட்டிருக்கிறார்கள். ஜீப்பில் சொந்தச் சாமான் ஏற்றியதற்கு எனக்கு ஆபீஸில் மெமோ. சொந்தச் சாமான் இல்லை, ஊர்ச் சாமான் என்று பதில் கொடுத்திருக்கிறேன். என்ன வரும் என்று தெரியாது.

மியூசியம் மார்ச் 10-ஆம் தேதி திறந்தாகிவிட்டது. துரை வரவில்லை. ஆறுச்சாமி அண்ணன் துரைக்கு வாங்கின மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் வின்ச் சக்கரத்துக்குப் போட்டார். கோட்டை முடிக்க சூசையப்பனுக்குச் சின்ன பிரஷ் கொடுத்தேன். லாரி ஸ்டியரிங்கை ஒடிக்கிற கையால் ஒரு அங்குலக் குத்துக்கோடு போட்டான். கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. அளவுகோல் வைத்துச் சரிசெய்யட்டுமா என்றேன். "கை வச்சே, ஒடிச்சுருவேன்" என்றான். அப்படியே விட்டுவிட்டேன். இருபத்தெட்டு வருடம் தள்ளி வந்த கோடு நேராக இருக்க வேண்டியதில்லை.

இப்போது நீ கேட்க வேண்டிய விஷயம். கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்தது. அழகுத்தாய் என்று யாரும் இல்லை, புஷ்பமேரி 31-ஆம் தேதி ஓய்வுபெற்றாகிவிட்டது என்று தீர்மானித்துவிட்டார்கள். ஏப்ரல் ஒன்றாம் தேதி பியூன் சீட்டு கொண்டுவந்தான். "புஷ்பமேரி என்பவர் ஏழு நாளுக்குள் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டியது." நான் அப்போது அங்கேதான் இருந்தேன். சட்டம், பிரிவு என்று பேசத் தொடங்கினேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பியூனிடம், "யாரு பேருக்கு வந்திருக்கு?" என்றாள்.

"புஷ்பமேரிக்கு."

"அவுக மகன் லாரி ஷெட்டுல இருக்கான். அவன்கிட்ட குடு. அடுத்தவக காயிதத்தை நான் வாங்கக் கூடாது."

பியூன் நின்றான். அம்மா உலைக்கு அரிசி களைய உள்ளே போய்விட்டாள்.

சூசையப்பன் கையெழுத்துப் போட்டு வாங்கினான். பியூன் நோட்டில் "வாரிசு" என்று எழுதினானாம். சீட்டை நேராகக் கொட்டகைக்குக் கொண்டுவந்தான். "கம்பெனி எங்கம்மாவுக்கு எழுதுன மொதக் கடுதாசி இது. கண்ணாடி போட்டு வையி" என்றான். போட்டு வைத்திருக்கிறேன், அவள் கோடு முடிகிற இடத்துக்கு நேர் கீழே. ஞாயிற்றுக்கிழமை பூப்பாறையிலிருந்துகூட ஆட்கள் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். ஒரு கிழவர் வாசித்து முடித்துவிட்டு, என் பெண்டாட்டி பேரும் இப்படித்தான், புத்தகத்தை எடு என்றார். அம்மாவையும் அந்த ஒன்பது பேரையும் சேர்த்து இப்படிப்பட்ட கோடுகள் பதினொன்றாகிவிட்டன.

ஏழு நாள் கெடு நேற்றோடு முடிந்தது. சாவி கேட்டு யாரும் வரவில்லை. வருவார்கள். எந்தப் பேருக்குச் சீட்டு கொண்டுவருவது என்று ஆபீஸில் இன்னும் பேசிக்கொண்டிருப்பதாகக் கபிரியேல் சொல்கிறான்.

இன்று சாயங்காலம் போனபோது அம்மா வீட்டுக்குப் பின்னால் மண்ணைக் கொத்திப் பீன்ஸ் விதை ஊன்றிக்கொண்டிருந்தாள். காய்க்க அறுபது நாள் ஆகுமே என்றேன்.

"தெரியும். அந்தப் பக்கம் ரெண்டு கம்பு நடு" என்றாள்.

பொன்ராஜ்